நீயும் இருந்தேங்கற வால்

இல்லம்மா, நான் யாரோட அம்மாவும் இல்ல, பீஸ் விஷயமாவும் வரல. இந்த ரூம் மேடத்தைப் பாக்கத்தான் வந்தேன். உள்ள மீட்டிங்கா? கதவைத் தட்டினா கோவிச்சுக்குவாங்களா? சரி சரி, தட்டல. நீயும் அவங்களுக்காகத்தான் உக்காந்திருக்கியா? நகர வேண்டாம், எனக்கு இந்த ஓரம் போதும். மணி என்ன பாரேன். மூணா. இருட்டறதுக்குள்ள வீட்ல இருக்கணும். பக்கத்து வீட்டுப் பொண்ணை உக்கார வச்சிட்டு வந்திருக்கேன், அதுக்கு ஒரு இடத்துல கால் தரிக்காது. அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு வழியெல்லாம் ஒரே யோசனை வேற. அணைச்சிருப்பேன். அணைக்காம வர்ற ஆள் இல்ல நான்.

விஷயம் பெருசா ஒண்ணும் இல்ல, இதைக் கொடுக்கணும். பயந்துடாத, எலி இல்ல. மைக்குக்கு மாட்டற தொப்பி. காத்து சத்தம் உள்ள போகாம இருக்கறதுக்காம். எங்க வீட்ல விட்டுட்டு வந்துட்டாங்க உங்க மேடம். விட்டுட்டு வந்துட்டாங்கன்னா... நான் கிளப்பின வேகத்துல விழுந்துடுச்சுன்னு வச்சுக்கயேன். சோப்புத் தண்ணில அலசி, நிழல்ல காய வச்சு, சீப்பால வாரியும் விட்டிருக்கேன். துணின்னு வந்தா யாரோடதா இருந்தாலும் குறை வைக்க மாட்டேன்.

ஆமா, தையல்காரிதான். எப்படிக் கண்டுபிடிச்சே? ஓ, தோள்ல நூல் ஒட்டியிருக்கா. அது எப்பவும் இருக்கும். எட்டாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்க, அன்னைலேருந்து மெஷின்தான். திரைச்சீலை, தலையணை உறை, பேன்ட்டுக்குக் கால் மடிக்கிறது, ஜிப்பு மாத்தறது, எல்லாம்.

நீ என்னம்மா படிக்கறே? உலகத்து மொழியெல்லாமா! நீ எத்தனை பேசுவே? ரெண்டா. ரெண்டு பேசிட்டு அத்தனையையும் படிக்கறியா? கோவிச்சுக்காத, சும்மா கேட்டேன். உங்க மேடமும் இதைத்தான் சொன்னாங்க. மொழியைப் பேசறது வேறயாம், எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல பரப்பி வச்சு எதுல என்ன இருக்கு, எதுல என்ன இல்லன்னு வகை பிரிக்கறது வேறயாம். எனக்கு அது நல்லாவே புரிஞ்சுது. நான் மட்டும் எல்லாப் பேன்ட்டையும் போட்டுப் பாத்துட்டா தைக்கறேன்?

என்ன சொன்னே? பெயிண்டர் பதிவா? அதை நீ கேட்டிருக்கியா? நீதான் உக்காந்து எழுதறியா அதையெல்லாம்? அடக் கடவுளே. அப்ப பின்னால கடகடகடன்னு ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பியே. அதான் கண்ணு நான்.

சிரி சிரி. உனக்கு எரிச்சலாத்தான் இருந்திருக்கும். அந்தச் சத்தத்தால எத்தனை வார்த்தை காதுல விழாமப் போச்சோ. வேணும்னேதான் மிதிச்சேன். அதுல என்ன ஒளிவு மறைவு. தைக்கத் துணி இல்லாத அன்னைக்குக்கூட, ஊசில நூலே இல்லாம பெடலை மிதிச்சிருக்கேன். நீ மொழி படிக்கற பொண்ணுதானே, ஊசி துணில இறங்கற சத்தமும் சும்மா இறங்கற சத்தமும் வேற வேறன்னு உனக்குத் தெரியலையாக்கும். உங்க மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் இன்னும் எரிச்சல்.

நீ கேட்ட குரல் எங்க வீட்டுக்காரர் குரல். சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கற வேலை. வேலையில கெட்டிக்காரர், பேச்சுல கஞ்சன். வீட்டுக்குள்ள அவர் பேசறதை எல்லாம் சேத்து வச்சா ஒரு டம்ளர் நிறையாது. தண்ணி, சரி, பாக்கலாம், சாவி எங்கே. இவ்வளவுதான். கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம். புது ஆள், கூச்சம்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் சுபாவம்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கறதையே விட்டுட்டேன்.

ஆனா அவங்க அக்கா போன் பண்ணட்டும், அன்னைக்குப் பாக்கணும் நீ. என் நாத்தனார். அவங்க சனமே வேற. ஆத்துக்கு மேல ரொம்ப தூரம் போனா கொஞ்ச வீடு இருந்துச்சாம், அவங்களுக்குன்னு ஒரு பேச்சு. பிழைப்புக்காகக் கீழ இறங்கினவங்க அங்கங்க கரைஞ்சு போயிட்டாங்க. கடைசில அந்தப் பேச்சுல பேச இவரும் அக்காவும்தான் மிச்சம். போனைக் காதுல வச்சாருன்னா ஆளே மாறிடுவாரு. வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாரு, கையை வீசுவாரு, சிரிப்பாரு. வாய் விட்டு! நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டே பாத்துட்டு இருப்பேன். என்ன சிரிப்புன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல, பழைய கதைம்பாரு. ஒரு கதையை எனக்கும் சொன்னாத்தான் என்ன? சொத்தா கேட்டேன்?

கத்துக்கிட்டிருக்கலாமேன்னு சுலபமா கேட்டுட்டே. கத்துக்கப் பாத்தேன்மா. கல்யாணமான புதுசு, மாமியார் அப்ப இருந்தாங்க. நானும் அரிசி பொறுக்கற மாதிரி அங்க ஒண்ணு இங்க ஒண்ணா பொறுக்கினேன். தண்ணி, வா, உக்காரு, அப்படி. ஒருநாள் மாமியார் மாமனாரோட பழைய சட்டையைக் கொண்டு வந்து, தோள்பட்டை விட்டுப் போச்சு, தைச்சுக் கொடுன்னாங்க. மாமனாரை நான் பாத்ததே இல்ல, நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு. சட்டையை வாங்கினதும் ஏதாவது நல்லதா சொல்லணும்னு தோணுச்சு. அவங்க அடிக்கடி சொல்லிக் கேட்ட ஒரு வாக்கியம் இருந்துச்சு, நல்ல மனுஷன்னு அர்த்தம். அதை அப்படியே அவங்க சொல்ற மாதிரியே எடுத்து விட்டேன். முடிவுல மூக்கால ஒரு ஙோ-ன்னு இழுப்பாங்க, அதையும் விடாம.

மாமியார் என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நாத்தனார் சிரிக்க ஆரம்பிச்சவங்கதான், இருமல் வர்ற வரைக்கும் நிறுத்தல. மாமியார் சட்டையை என் கையிலேருந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. நான் என்னவோ அசிங்கமா சொல்லிட்டேன் போலன்னு எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. இவரைக் கேட்டேன். விடு, உனக்கு வராதுன்னாரு. உனக்கு வராது! அன்னைக்கோட அந்தப் பேச்சுக்கு ஒரு கும்பிடு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்திருக்குமா? கேக்கறப்பவே காதை மூடிக்கிட்டேன்.

மாமியார் போனாங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாத்தனாரும் போயிட்டாங்க. அழுதேன், பாவம்தான். ஆனா உன்கிட்ட சொல்றதுக்கு என்ன, மனசோட ஒரு மூலையில ஒரு நினைப்பு. இனிமே இவர் என்கிட்டத்தானே பேசியாகணும்னு. சீச்சீன்னு தோணுதுல்ல? எனக்கும்தான் தோணுச்சு. ஆனா நினைச்சேன். பேசினாரா? எங்க பேசினாரு. டம்ளர்ல இருந்ததும் வத்திப் போச்சு.

அப்பதான் உங்க மேடம் வந்து நின்னாங்க வாசல்ல. தோள்ல பெரிய பை, காதுக்குப் பின்னால நரைமுடி, செருப்புல பாதி ரோட்டு மண்ணு. ஏதோ கட்டடத்துக்கு இவர் பெயிண்ட் அடிக்கப் போன இடத்துல, ஏணி மேலே நின்னு தன்பாட்டுக்கு முணுமுணுத்ததைக் கேட்டுட்டாங்களாம். இது என்ன பேச்சுன்னு விசாரிச்சு, வீட்டு விலாசத்தை வாங்கிட்டு வந்துட்டா. வந்துட்டாங்க. நான் சில நேரம் அவ இவன்னு பேசிடுவேன், கண்டுக்காத.

அழகா இருந்திருந்தாக்கூடப் பரவால்லம்மா. அழகுன்னா ஆறு மாசத்துல பழகிடும். இவ காது கொடுத்துக் கேக்கறா! அதுக்கு நான் எங்க போக? ரெண்டு காதுலயும் அந்தப் பெரிய கறுப்பு வட்டத்தை மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அவர் வாயிலேருந்து வர்றது ஒண்ணு கீழ விழக்கூடாதுங்கற மாதிரி உக்காந்திருப்பா. நான் இந்த இருபத்தேழு வருஷத்துல ஒரு நாளாவது அப்படி உக்காந்திருக்கேனா, சொல்லு. எனக்கு அடுப்பு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். ஆம்பளை பேசறப்ப கண்ணை மூடிக்கிட்டு கேக்கறதுக்கு எவளுக்கு நேரம் இருக்கு?

அவரும் லேசுப்பட்டவர் இல்ல. அவ வர்ற நாள்ல காலையிலேயே காதுல ஒட்டின பெயிண்ட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பாரு. தலை சீவுவாரு. பட்டன் இல்லாத சட்டையை ஒதுக்கிட்டு பட்டன் இருக்கற சட்டையைத் தேடுவாரு. அந்த பட்டனைத் தைச்சவ யாரு? நானு. போட்டுக்கிட்டுப் போய் உக்காந்து, ஆறு, படகு, மழைன்னு கதை கதையா விடுவாரு. கையால காட்டறதை வச்சுத்தான் எனக்குத் தெரியும், ஆறா மழையான்னு. டீ போட்டுக் கொண்டு போய் வைப்பேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிமிர்ந்து என்னைப் பாப்பாங்க பாரு, வீட்டுக்காரியை விருந்தாளி பாக்கற மாதிரி இல்ல, விருந்தாளியை வீட்டுக்காரங்க பாக்கற மாதிரி.

இதுல, ரெக்கார்டு பண்றப்ப என் மெஷினை நிறுத்தணுமாம். கேக்கறப்ப மரியாதையாத்தான் கேட்டாங்க. அம்மா, கொஞ்ச நேரம்னு. எங்க வீட்ல இருக்கறது ஒரே முன் ரூம். அதுல ஜன்னல் பக்கம் என் மெஷின். என் மெஷின் நிக்கணும், அவங்க மெஷின் ஓடணும். அது எப்படி? ஸ்கூல் திறக்கற சமயம், சீருடை குவிஞ்சு கிடக்கு. ஒருநாள் நிறுத்தினேன். ரெண்டாம் நாள் நிறுத்தினேன். மூணாம் நாள், அவர் ஏதோ சொல்ல, இவ விழுந்து விழுந்து சிரிச்சா பாரு, அப்ப வச்சேன் காலை பெடல்ல.

நியாயம் பேசணும்னா அவங்க என்கிட்டயும் பேசிப் பாத்தாங்க. ஒருநாள் இவர் வர லேட்டு. நான் பாட்டுக்கு மடிப்பு தைச்சுட்டு இருக்கேன், பக்கத்துல வந்து ஸ்டூலைப் போட்டு உக்காந்து, உங்க வீட்டுக்காரர் பேச்சுல ஒரு வால் இருக்கு தெரியுமான்னாங்க. வார்த்தை முடியற இடத்துல ஒட்டிக்கிட்டு வர்ற வால். நம்ம பேச்சுல நேத்து வந்தான், நாளைக்கு வருவான்னு காலத்தைச் சொல்ல வால் இருக்கு. வந்தான்னு சொல்றதுக்கும் வந்தாள்னு சொல்றதுக்கும் வேற வேற வால் இருக்கு. இதெல்லாம் ஊர் உலகத்துல நிறைய இடத்துல உண்டாம். இவர் பேச்சுல இருக்கறது, நான் பாத்தேன், ஆனா கேக்கற நீ அங்க இல்லன்னு சொல்ல ஒரு வால். டப்புனு கதவைச் சாத்தற மாதிரி முடியும். இன்னொண்ணு, நானும் இருந்தேன், நீயும் இருந்தேன்னு சொல்ல ஒரு வால். அதுதான் அந்த ஙோ.

எனக்குக் கை நின்னு போச்சு. ஊசி பாதி துணில. அப்பதான் புரியுது, மாமியார் வீட்ல அன்னைக்கு நான் என்ன சொல்லியிருக்கேன்னு. மாமனாரைக் கண்ணாலயும் பாக்காதவ, நாம ரெண்டு பேரும் கூட இருந்து பாத்தோமே, அந்த நல்ல மனுஷன்னு மாமியாருக்கே சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. இதைச் சொல்லித் தர ஒருத்தருக்கும் வாய் வரல, இருபத்தேழு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தி ஸ்டூல்ல உக்காந்து சொல்லித் தர்றா. அவ மேல கோவம் வராம என்ன வரும்?

அது அவ்வளவு பெரிய விஷயமான்னு கேட்டேன். ஆமாங்கறாங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கோடு போட்டு வச்சிருக்காங்களாம். மனுஷன் பேச்சு இப்படி இப்படி இருக்கும், இதைத் தாண்டிப் போகாதுன்னு. வார்த்தையோட வாலுக்குப் பேசறவன் மனசுல இருக்கறதை மட்டும்தான் காட்டத் தெரியும், கேக்கறவன் மனசையும் சேத்து எட்டிப் பாக்கத் தெரியாதுன்னு அவங்கள்ல சில பேர் சொல்றாங்களாம். கோட்டுக்கு வெளிய ஒண்ணே ஒண்ணு நின்னாலும் போதுமாம், கோட்டை அழிச்சு மறுபடி போடணுமாம். முன்னால ஒரு தடவை அப்படி நடந்திருக்காம். செய்யறவனைக் கடைசில தள்ளிட்டு, செய்யப்படறதை முதல்ல வச்சுப் பேசறதே வழக்கமா இருக்கற மொழி எங்கயும் கிடையாதுன்னு சொல்லிட்டு இருந்தாங்களாம். அப்புறம் எங்கயோ ஒரு காட்டாத்துப் பக்கம் அப்படி ஒரு மொழி கிடைச்சுச்சாம். முதல்ல சோறு, அப்புறம் சாப்பிட்டது, கடைசில ஆளு. எங்க வீட்லயும் அதானே வழக்கம், சோறு முதல்ல வந்துடும், ஆளு கடைசிலதான் வருவாருன்னேன். சிரிச்சாங்க. நல்லாத்தான் சிரிப்பாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

எனக்கு அது புரியாமலும் இல்ல. ஒரு பெரியவர் சட்டை தைக்க வருவாரு. ஒரு தோள் இறக்கம் அவருக்கு. வழக்கமா எடுக்கற அளவு எதுவும் உக்காராது. அவர் வந்தப்புறம்தான், நான் ஒரு தோளை மட்டும் அளந்துட்டு மத்ததும் அப்படித்தான்னு நினைச்சு வெட்டறேன்னு எனக்கே தெரிஞ்சுது. அதுலேருந்து எல்லாருக்கும் ரெண்டு தோளையும் அளக்கறேன். அது சரி. ஆனா நான் உங்க மேடத்தை ஒண்ணு கேட்டேன். எல்லா மொழிலயும் இருக்கே, அதுக்கு என்ன மதிப்புன்னு. அதுவும் வேணும்னாங்க. எங்கயும் இருக்கறது மனுஷனுக்கு எது இல்லாம முடியாதுன்னு காட்டுமாம். எங்கயோ ஒண்ணா இருக்கறது, மனுஷனால எதுவரைக்கும் போக முடியும்னு காட்டுமாம்.

சரி, ஆனா பை தூக்கிட்டு எதைத் தேடி வர்றீங்க? எங்கயும் இருக்கறதைத் தேடியா? நான் எங்கயும் இருக்கறவம்மா. சமைக்கறது, துவைக்கறது, தைக்கறது. எந்தத் தெருவுல கதவைத் தட்டினாலும் என்னை மாதிரி ஒருத்தி வந்து திறப்பா. என் பேச்சை எவளும் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கப் போறதில்ல. எங்க வீட்டுக்காரரோ ஒரு வாலை வச்சிருக்காரு, உலகமே வாசல்ல நிக்குது. ஒரு வார்த்தையோட வால் மேல பொறாமைப்பட்ட பொம்பளை நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அப்படிப் பாத்தா நானும் உங்களுக்கு வேண்டிய ஆளுதான், எழுதி வச்சுக்கோ.

எப்படி முறிஞ்சுதுன்னா, சொல்றேன். அந்த ஙோ வாலுதான் காரணம். அவர் அதைச் சொல்லிக் காட்டறாரு, ஆனா அது செல்லாதாம். அப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லிக் காட்டினா, பெரிய ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்களாம். நீ எப்படி நடப்பேன்னு கேட்டா, நீ காலைப் பாத்துட்டு வேற மாதிரி நடப்பே இல்ல? அந்த மாதிரி. தன்னை மறந்து பேசறப்ப தானா வரணும். தானா வரணும்னா, எதிர்ல இருக்கறவங்க அவர்கூட ஏதாவது ஒண்ணுல இருந்திருக்கணும். அக்கா இருந்தா அக்காகிட்ட வரும். அக்கா இல்ல. உங்க மேடம் நேத்து வந்தவங்க, அவங்ககிட்ட அவர் எந்தக் கதையைச் சொன்னாலும் டப்புனு கதவுதான். அவர்கூட இருந்தவங்கன்னு உலகத்துல இப்ப யாரு இருக்கா?

ஆங், அதேதான். நான்.

ஒருநாள் வந்து கேக்கறாங்க. அம்மா, நீங்க அவர் எதிர்ல உக்காருங்க. உங்க ரெண்டு பேர் கல்யாணம், வீடு மாறினது, எதை வேணா அவர் அவங்க பேச்சுல உங்ககிட்ட சொல்லட்டும். உங்களுக்குப் புரியணும்னு இல்ல. நீங்க இருந்தா போதும்னு.

புரியணும்னு இல்ல. நீங்க இருந்தா போதும்!

எனக்கு வந்துச்சு பாரு. நான் என்ன கடையில சட்டை மாட்டி வைக்கற பொம்மையா? இத்தனை வருஷம் நம்ம பேச்சுல சொல்லாத மனுஷன், எனக்குத் தெரியாத பேச்சுல என்கிட்ட சொல்லுவாரு, அதை நான் முழிச்சுக்கிட்டுக் கேப்பேன், புரிஞ்சுக்கறது நீங்க, எடுத்துட்டுப் போறதும் நீங்க? என் கல்யாணக் கதையை? எங்க வீட்ல முன் ரூம்ல ஒரே பிளக்குதான். அவங்க மெஷின் அதுலதான் இருந்துச்சு. அதைப் பிடுங்கிட்டு என் அயர்ன் பாக்ஸைச் சொருகினேன். எனக்கு வேலை இருக்கு, இனிமே வராதீங்கன்னேன். இவரைப் பாத்தேன். ஏதாவது சொல்லுவாரான்னு. அவர் மேல் பட்டனைக் கழட்டிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டாரு. அவங்க ஒயரைச் சுருட்டிட்டுக் கிளம்பினாங்க. மைக்கை இழுத்தப்ப தொப்பி மெஷினுக்கு அடியில உருண்டிருக்கு. பெருக்கறப்பதான் பாத்தேன்.

கோவமாவா போனாங்க? இல்லம்மா. அதுதானே. வாசல்ல நின்னு, நான் கேட்ட விதம் தப்பு, மன்னிச்சிருங்கன்னுட்டுப் போனாங்க. சண்டையாவது போட்டிருக்கலாம்.

இல்ல, இதைக் கொடுக்க மட்டும் ரெண்டு பஸ் மாறி வருவேனா? தபால்ல போட்டிருக்க மாட்டேனா? நீயும் கெட்டிக்காரிதான்.

அவருக்கு உடம்பு சரியில்ல. பாத்ரூம்ல விழுந்துட்டாரு, மழைக்கு முன்னாடி. தலையில ரத்தம் கட்டிக்கிச்சுன்னாங்க. ஆஸ்பத்திரில ரொம்ப நாள். வலது கை இன்னும் தூக்க வரல. இப்ப வீட்லதான். நடக்கறாரு, பிடிச்சுக்கிட்டா. பேச்சு போயிடுச்சுன்னு முதல்ல சொன்னாங்க. போகல. ஒருநாள் காலையில வாயைத் திறந்தாரு. வந்துச்சு. ஆனா அவங்க பேச்சு மட்டும்தான் வந்துச்சு. நம்ம பேச்சு ஒண்ணுகூட இல்ல. தண்ணி, சரி, சாவி எங்கே, எதுவும் இல்ல. சில பேருக்கு இப்படி ஆகும்மா, முதல்ல கத்துக்கிட்டது தங்கிடும்ங்கறாரு டாக்டர். தான் எப்பவும் போலப் பேசறதா அவர் நினைச்சுட்டு இருக்கலாமாம்.

எப்பவும் போல இல்ல. அதை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பேசறாரு. என்கிட்ட. என் மூஞ்சியைப் பாத்து. நான் மெஷின்ல உக்காந்தா அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கையால காட்டறாரு. கஞ்சி ஊட்டறப்பகூட வாயை மூடிட்டு முழுங்குங்கன்னு அதட்ட வேண்டியிருக்கு. இருபத்தேழு வருஷம் நான் எதுக்கு ஏங்கினேனோ, அது இப்ப வந்து கொட்டுது. ஒரு சொட்டு புரியல எனக்கு.

ஒண்ணே ஒண்ணுதான் தெரியுது. அந்த ஒரு சத்தத்தை நான் எப்படி மறப்பேன், அதுக்காகச் சிரிப்பா சிரிச்சாங்கல்ல. ஒவ்வொண்ணும் அதுலதான் முடியுது. ஙோ, ஙோன்னு. டப்புனு சாத்தறதே இல்ல.

பேனாவை எடுக்காத, மூடி வை. எழுதறதுக்கு நான் சொல்லல. உங்களுக்கு அது வாலு, கோடு, பெரிய ஆளுங்க வாயை அடைக்கறது. இருக்கட்டும், வேண்டாம்ங்கல. எனக்கு அது இல்லம்மா. நானும் கூட இருந்த ஏதோ ஒண்ணைத்தான் சொல்லிட்டே இருக்காரு. எதைன்னு தெரியல. வாடகை வீட்ல கூரை ஒழுகி ராத்திரி பூரா பாத்திரம் வச்சுட்டு உக்காந்திருந்தோமே அதையா, அவர் ஏணிலேருந்து விழுந்து நான் ரிக்‌ஷால தூக்கிட்டுப் போனதையா, தங்காமப் போச்சே ஒரு குழந்தை, அதையா. சிரிக்கறாரு சில நேரம். சில நேரம் கண்ணுல தண்ணி. நானும் தலையை ஆட்டறேன், ஆமா ஆமான்னு. எதுக்கு ஆமா சொல்றேன்னு தெரியாமயே ஆமா சொல்லிட்டு இருக்கேன்.

உங்க மேடம் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே ஓரளவு பிடிச்சுக்கிட்டாங்க, வந்தா அவங்களுக்குப் புரியும். என்கிட்ட சொல்றதை அவங்க காதுதான் முதல்ல கேக்கும், அப்புறம்தான் எனக்கு. அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது, பொய் சொல்ல மாட்டேன். எரிஞ்சுட்டுப் போகட்டும். சீக்கிரமா எனக்கும் கத்துக் கொடுத்துட்டாங்கன்னா, அப்புறம் அவங்க தேவையில்ல.

கதவு திறக்குதா? இரு இரு, நீ முன்னாடி வந்தவ, நீ போ முதல்ல. இந்தத் தொப்பியை நீயே கொடுத்துடு. வெளிய ஒரு பொம்பளை உக்காந்திருக்கான்னு சொல்லு. மெஷினை மூடிட்டு வந்திருக்கேன்னு சொல்லு. பிளக்கைக் காலியா வச்சிருக்கேன், நான் எதிர்ல உக்கார்றேன்னு சொல்லு.